பல பிளாக், ஒரே பொறி: மைன்கிராஃப்ட் மோட்களில் மல்ட்டிபிளாக் எழுதும் முறைகள்

மைன்கிராஃப்ட் உலகின் அடிப்படை அலகு பிளாக். உலகக் கோப்பில் எழுதப்படுவது எந்த இடத்தில் எந்த பிளாக் எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டுமே. வீடு, பாலம், கொதிகலன் என்று விளையாடுபவர் பெயர் சூட்டும் எதையும் அந்தக் கோப்பு அறியாது. ஆனாலும் பெரிய தொழில்நுட்ப மோட் ஒவ்வொன்றிலும் பல பிளாக்குகள் சேர்ந்து ஒரே பொறியாக இயங்கும் அமைப்பு இருக்கிறது. ரெயில்கிராஃப்டின் கோக் ஓவன் 26 செங்கற்களை நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்குவதால் உருவாகிறது. மெக்கானிசத்தின் டைனமிக் டேங்க் 3×3×3 அளவில் தொடங்கி 18×18×18 வரை வளர்கிறது. இவற்றை மோட் எழுதுபவர்கள் மல்ட்டிபிளாக் என்கிறார்கள்.

புதிதாக இதை எழுத வருபவர் வடிவத்தைக் கண்டறிவதுதான் பெரிய வேலை என்று எண்ணுகிறார். அந்தப் பகுதி சில நாள் உழைப்பில் முடிந்துவிடும். உண்மையான கடினம் அதன்பிறகு தொடங்குகிறது. ஒரு செங்கல்லை யாரோ உடைக்கிறார்கள்; பாதி டேங்க் நினைவகத்தில் ஏறியிருக்க மறுபாதி ஏறவில்லை; இரண்டு டேங்க்குகளுக்கு நடுவே வைத்த ஒரு பிளாக் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அப்போது உள்ளே இருந்த திரவம் யாருடையது? இந்தக் கேள்விக்கான விடையை முதலில் முடிவு செய்த மோட்களே நிலைத்து நிற்கின்றன. கடந்த பதினைந்து ஆண்டுகளில் உருவான வழிமுறைகளை அந்தக் கோணத்திலிருந்து இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

மூல ஆட்டம் தரும் முன்மாதிரிகள்

மோட் எதுவும் நிறுவாத ஆட்டத்திலேயே நான்கு வெவ்வேறு விடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் படிக்கத்தக்கது.

முதலாவது கதவும் படுக்கையும். கதவின் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் தனித்தனி பிளாக்குகள். தான் எந்தப் பாதி என்பதை ஒவ்வொன்றும் தன் நிலைப்பண்பிலேயே வைத்திருக்கிறது. ஒரு பாதி போனதும் அண்டை மாற்ற அறிவிப்பு மறுபாதியைச் சேர்கிறது. துணை இல்லை என்று கண்டதும் அது காற்றாக மாறிவிடுகிறது. தலைமை என்று யாரும் இல்லை.

இரண்டாவது இரட்டைப் பெட்டி. திறந்தால் 54 இடங்கள் ஒரே பட்டியலாகத் தெரிகின்றன. சேமிப்பிலோ ஒவ்வொரு பாதியும் தன் 27 இடங்களைத் தானே வைத்திருக்கிறது. ஒரு பாதியை உடைத்தால் அதன் பொருள்கள் மட்டும் சிதறும். மறுபாதி எந்தக் கணக்கும் போடாமல் ஒற்றைப் பெட்டியாகத் தொடரும். ஒன்றாகக் காட்டுவதையும் ஒன்றாகச் சேமிப்பதையும் பிரித்து வைத்த இந்த முடிவு மிகுந்த மதிப்புடையது.

மூன்றாவது பீக்கன். அதன் நான்கடுக்குப் பிரமிடுக்கு 9, 25, 49, 81 என்று மொத்தம் 164 கனிமப் பிளாக்குகள் வேண்டும். அந்தப் பிளாக்குகளுக்குத் தாங்கள் ஒரு பிரமிடின் பகுதி என்று தெரியாது. பீக்கன்தான் 80 டிக்குக்கு ஒருமுறை கீழே எண்ணிப் பார்க்கிறது. ஆட்டம் நொடிக்கு 20 டிக் ஓடுவதால் அடித்தளம் கலைந்ததை அறிய நான்கு நொடி வரை ஆகலாம். இங்கே அந்தத் தாமதத்தால் யாருக்கும் இழப்பில்லை.

நான்காவது அயர்ன் கோலெம். நான்கு இரும்பு பிளாக்குகளின் மேல் செதுக்கிய பூசணியை வைத்த நொடியில் வடிவம் சரிபார்க்கப்படுகிறது. பொருந்தினால் பிளாக்குகள் அழிந்து உயிரி தோன்றுகிறது. ஒருமுறை நடந்து முடிவதால் பராமரிக்க எதுவும் மிச்சமில்லை. நெதர் போர்ட்டலும் இதே போலத் தொடங்குகிறது: 4×5 முதல் 23×23 வரையிலான அப்சிடியன் சட்டத்துள் தீ பற்றியதும் அளவு கணக்கிடப்படுகிறது. அதன்பின் சட்டம் உடைந்தால் உள்ளிருக்கும் போர்ட்டல் பிளாக்குகள் அண்டை அறிவிப்பால் கலைகின்றன.

வடிவத்தைக் கண்டறியும் மூன்று வழிகள்

அச்சு முறை மிகப் பழையது. எழுத்து வரிசைகளால் ஒவ்வொரு அடுக்கையும் வரைந்து, எந்த எழுத்து எந்த பிளாக்கைக் குறிக்கிறது என்று சொல்லிவிடுவது. ஆட்டத்தின் பிளாக் பேட்டர்ன் வகுப்பு இதைத்தான் செய்கிறது. கோலெமும் விதரும் அதன்வழியே அறியப்படுகின்றன. அந்த வகுப்பு ஒரு வடிவத்தை 24 திசையமைவுகளில் சோதிக்கும். ஆறு திசைகளில் ஒன்று முன்புறம், அதற்குச் செங்குத்தான நான்கில் ஒன்று மேற்புறம் என்பதால் அந்த எண்ணிக்கை. தரையில் நிற்கும் உலைக்கு இவ்வளவு வேண்டாம். முகப்பு பிளாக் எந்தத் திசை நோக்குகிறதோ அதைக் கொண்டு ஒரே திசையில் சோதித்தால் போதும். கிரெக்டெக்கின் எலெக்ட்ரிக் பிளாஸ்ட் ஃபர்னஸ் 3×3×4 அளவு கொண்டது. நடு இரண்டு அடுக்குகளில் 16 வெப்பச் சுருள்கள் வேண்டும். அதன் முகப்பு பிளாக்கான கன்ட்ரோலர் நோக்கும் திசையே சுழற்சியைத் தீர்மானிக்கிறது.

பெட்டி முறை அளவு மாறக்கூடிய அமைப்புகளுக்கானது. தொடங்கிய பிளாக்கிலிருந்து ஆறு திசைகளிலும் எல்லை காணும்வரை சென்று ஒரு கனசெவ்வகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு விளிம்பு, முகம், உட்புறம் என்று மூன்று வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விதி வைக்க வேண்டும். டைனமிக் டேங்க்கில் விளிம்புகள் டேங்க் பிளாக்காகவே இருக்க வேண்டும். முகங்களில் கண்ணாடியும் வால்வும் வரலாம். டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்டின் ஸ்மெல்ட்டரி தரையையும் சுவர்களையும் மட்டும் பார்க்கிறது. வெவ்வேறு அளவுகள் இருந்தாலும் விதி ஒன்றே என்பதால் இங்கே அச்சு தேவைப்படுவதில்லை.

தொடர்பு முறையில் வடிவமே முக்கியமில்லை. ஒட்டியிருப்பவை எல்லாம் ஒரு குழு. அப்ளைடு எனர்ஜிஸ்டிக்ஸ் 2 மோடின் கன்ட்ரோலர் பிளாக்குகள் 7×7×7 எல்லைக்குள் தொடர்ந்து இருந்தால் போதும். அதோடு ஒரு பிளாக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அச்சில் இருபுறமும் அண்டை இருக்கக்கூடாது. ஒவ்வொரு பிளாக்கும் தன் ஆறு அண்டைகளை மட்டும் பார்த்து இந்த விதியைச் சரிபார்த்துவிடலாம். இவ்வளவு எளிய விதி பலவகைக் கட்டுமானங்களுக்கு இடம் தருகிறது.

தொடர்பு முறையில் சேர்வதும் பிரிவதும் ஒரே செலவுடையவை அல்ல. இரு குழுக்கள் சேரும்போது ஒன்றின் பெயரை மற்றதற்கு இட்டால் வேலை முடிந்தது. ஒரு பிளாக் நீங்கும்போது மிச்சம் இன்னும் ஒன்றாக இருக்கிறதா, இரண்டாக உடைந்ததா என்று அறிய அதன் அண்டைகளிலிருந்து மீண்டும் தேடல் நடத்தியே ஆக வேண்டும். சேர்ப்பதை மட்டும் எழுதிவிட்டுப் பிரிவை ஒத்திப்போட்ட மோட் விரைவில் சிக்கிக்கொள்ளும்.

எப்போது சோதிப்பது

18×18×18 டேங்க்கில் 5,832 இடங்கள் உள்ளன. அதை டிக்குக்கு ஒருமுறை சோதித்தால் நொடிக்கு 1,16,640 முறை உலகைப் படிக்க வேண்டும். ஒரு டிக்குக்குக் கிடைப்பது 50 மில்லிநொடி. அதற்குள் உயிரிகள், திரவ ஓட்டம், மற்ற பொறிகள் எல்லாம் முடிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு டிக்கிலும் முழுச் சோதனை என்பதைத் தொடக்கத்திலேயே கைவிட வேண்டும்.

மாற்று வழி நிகழ்வைக் கேட்பது. பிளாக் வைக்கப்படும்போதும் நீக்கப்படும்போதும் ஆட்டம் அறிவிக்கிறது. அண்டை பிளாக்குகளுக்கும் செய்தி போகிறது. அமைப்பின் மேல் 'மறுசோதனை தேவை' என்று ஒரு குறியை அந்த நொடியில் வைத்து, அடுத்த டிக்கில் ஒரே ஒருமுறை சோதித்தால் போதும். ஒரே வெடிப்பில் நாற்பது பிளாக் போனாலும் சோதனை ஒன்றுதான்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது உட்புறம். பெரிய டேங்க்கின் நடுவில் யாராவது ஒரு பிளாக்கை வைத்தால் அந்த அறிவிப்பு ஆறு அண்டைகளுக்கு மட்டுமே போகும், சுவரைத் தொடாது. இரண்டாவது, அண்டை அறிவிப்பை அனுப்பாமலேயே உலகை மாற்றும் வழி இருக்கிறது. பிளாக்கை இடும் செயல்கூறில் அறிவிப்புக்கென்று தனிக் கொடி உண்டு. அதை அணைத்துவிட்டு ஆயிரக்கணக்கான பிளாக்குகளை ஒரேயடியாக மாற்றும் கருவிகள் சர்வர்களில் பயன்படுகின்றன. ஆகவே நிகழ்வை மட்டும் நம்பக்கூடாது. பீக்கனைப் போல சில நொடிகளுக்கு ஒருமுறை மெதுவான தணிக்கை ஒன்றும் வேண்டும். பெரிய அமைப்பில் அந்தத் தணிக்கையைப் பல டிக்குகளுக்குப் பகிர்ந்து, ஒவ்வொரு டிக்கிலும் ஒரு அடுக்கு என்று நகர்த்தலாம்.

தலைமை யாரிடம்

அமைப்பு உருவானதும் அதன் பொதுத்தகவலை எங்கே வைப்பது என்பதில் மோட்கள் நான்கு வழிகளில் பிரிகின்றன.

கிரெக்டெக் வழியில் கன்ட்ரோலர் பிளாக் ஒன்றே அறிவுடையது. உறை பிளாக்குகளுக்குத் தாங்கள் எந்தப் பொறியைச் சேர்ந்தவை என்று தெரியாது. அதனால் இரு பொறிகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. விளையாடுபவர்கள் அதை ஒரு கட்டுமான உத்தியாகவே பயன்படுத்துகிறார்கள். சேமிப்பும் எளிது. விலை, உடைந்ததை உறை பிளாக்கே நேராகக் கன்ட்ரோலருக்குச் சொல்ல முடியாது என்பது.

இம்மர்சிவ் இன்ஜினியரிங் வழி உருமாற்றம். அடுக்கி முடித்த பிளாக்குகளைச் சுத்தியலால் தட்டியதும் அவை அனைத்தும் பொறிக்கே உரிய பிளாக்குகளாக மாற்றப்படுகின்றன. ஒவ்வொன்றும் முதன்மைப் பிளாக்கிலிருந்து தான் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அறியும். ஒன்றை உடைத்தால் மற்றவை பழைய பிளாக்குகளாகத் திரும்புகின்றன. முழுப் பொறியையும் ஒரே உருவமாகக் காட்ட விரும்புபவருக்கு இதுவே ஏற்றது. உருமாறிய பின் வடிவச் சோதனையும் தேவையில்லை. ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய இடத்தில் மட்டுமே இருக்க முடியும்.

பிக் ரியாக்டர்ஸ் மோடுக்காக எழுதப்பட்ட பீஃப்கோர் நூலகம் வேறு திசையில் போனது. அங்கே கன்ட்ரோலர் என்பது உலகில் எங்கும் நிற்காத ஒரு நினைவகப் பொருள். ஒவ்வொரு பகுதியும் அதனுடன் இணைகிறது, விலகுகிறது. இரு கன்ட்ரோலர்கள் சந்தித்தால் ஒன்று மற்றதை விழுங்குகிறது. நினைவகப் பொருளுக்குச் சேமிப்பிடம் இல்லாததால் பகுதிகளில் ஒன்று அதன் சார்பில் தரவை எழுதும் பொறுப்பேற்கிறது. கிரியேட் மோடின் திரவத் தொட்டி இதற்கு நெருங்கிய உறவு. மூன்று பிளாக் அகலம் வரை விரியும் அந்தத் தொட்டியில் குறைந்த ஆயங்கள் கொண்ட மூலைப் பிளாக்கே தலைமை ஏற்கிறது. விளையாடுபவர் கன்ட்ரோலர் என்று தனியாக ஒன்றை வைக்க வேண்டியதில்லை.

நான்காவது கதவின் வழி: இருப்பிடத்தை பிளாக்கின் நிலைப்பண்பிலேயே எழுதுவது. 2018 ஜூலையில் 1.13 பதிப்பு வரும்வரை ஒரு பிளாக்குக்கு 16 நிலைகள் மட்டுமே உலகில் எழுதப்பட்டன. 27 பகுதிகள் கொண்ட உலைக்கு அது போதவில்லை. இன்று முடியும். ஆனால் 27 இடம், 4 திசை, எரிகிறதா இல்லையா என்ற 2 நிலை ஆகியவற்றைப் பெருக்கினால் 216 நிலைகள் வரும்; ஆட்டம் தொடங்கும்போதே அவை அனைத்தும் நினைவகத்தில் உருவாகிவிடும். சிறிய, நிலையான அமைப்புக்கு இது நல்ல தேர்வு. அளவு மாறும் டேங்க்குக்கு நினைத்தும் பார்க்க வேண்டாம்.

எந்த வழியானாலும் ஒரு விதி பொதுவானது. தலைமையின் இடத்தை முழு ஆயங்களாகச் சேமிக்காமல் தன்னிலிருந்து உள்ள தொலைவாகச் சேமிக்க வேண்டும். முழு ஆயங்களைச் சேமித்தால், அமைப்பை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியதும் புதிய டேங்க் பழைய டேங்க்கைத் தன் தலைவன் என்று நம்பும். சுழற்றி ஒட்டினால் தொலைவும் தவறாகும் என்பதால் அதைத் திசையோடு சேர்த்து எழுத வேண்டும். நிலைப்பண்பில் உள்ள திசையைச் சுழற்ற ஆட்டம் வழி தருகிறது. பிளாக்கோடு சேர்ந்து கூடுதல் தரவை வைத்திருக்கும் பிளாக் என்டிட்டிக்குள் இருக்கும் எண்களை அது தொடாது.

சங்க் எல்லை

உலகம் 16×16 அகலமுள்ள சங்க்குகளாக ஏற்றப்படுகிறது, இறக்கப்படுகிறது. மல்ட்டிபிளாக் அந்தக் கோடுகளைப் பற்றிக் கவலைப்படாது. கணக்கிட்டால் இது எவ்வளவு சாதாரணம் என்று தெரியும். ஓர் அச்சில் 3 பிளாக் அகலமுள்ள உலை எல்லையைத் தாண்டாமல் நிற்க 16 இடங்களில் 14 உள்ளன. இரு அச்சுகளையும் சேர்த்தால் 256இல் 196. எல்லையைப் பார்க்காமல் வைக்கப்படும் 3×3 உலைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஒன்றுக்கு மேற்பட்ட சங்க்கில் நிற்கும். 18 அகலமுள்ள டேங்க் எங்கே வைத்தாலும் குறைந்தது 4 சங்க்குகளில் பரவும். 9 வரை போகலாம்.

இங்கே எழும் முதல் பிழை, ஏறாத சங்க்கில் உள்ள பிளாக்கைக் கேட்பது. கேட்ட உடனே ஆட்டம் அந்தச் சங்க்கை ஏற்ற முயல்கிறது. அதிலுள்ள பகுதிகளும் விழித்துத் தங்கள் அண்டைகளைக் கேட்டால் ஒன்றன்பின் ஒன்றாக உலகம் ஏறிக்கொண்டே போகும். 1.14 முதலான பதிப்புகளில் சங்க் ஏறும் நடுவிலேயே இப்படிக் கேட்டால் சர்வர் உறைந்துபோகவும் கூடும். கேட்பதற்கு முன் அந்த இடம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும், விழித்தவுடன் கேட்காமல் அடுத்த டிக்குக்கு ஒத்திவைப்பதும் கட்டாயம்.

இரண்டாவது பிழை நுட்பமானது. ஏறாத பகுதியை 'இல்லை' என்று எடுத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் விளையாடுபவர் தன் தளத்திலிருந்து விலகி நடக்கும் ஒவ்வொரு முறையும் டேங்க் உடைந்ததாகக் கணக்காகும். ஆகவே நிலைகள் இரண்டு போதா. முழுமை, உடைவு என்ற இரண்டோடு 'தற்காலிக நிறுத்தம்' என்ற மூன்றாவது நிலை வேண்டும். எந்தப் பகுதியாவது இறக்கப்பட்டால் பொறி வேலையை நிறுத்த வேண்டும், உள்ளிருப்பைத் தொடக்கூடாது. பகுதி உடைக்கப்பட்டதா, சங்க் இறங்கியதால் மறைந்ததா என்பதை ஆட்டம் வெவ்வேறு அழைப்புகளாகவே தருகிறது. அவற்றை ஒரே செயல்கூறில் கலக்காமல் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

உள்ளிருப்பின் கணக்கு

வடிவம் என்பதை உலகிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி கண்டறியலாம். ஆகவே அது சேமிக்க வேண்டிய உண்மை அல்ல. விரைவுக்காக வைத்திருக்கும் குறிப்பு. திரவம், மின்சாரம், பொருள்கள் அப்படியல்ல. அவை தொலைந்தால் மீட்க வழியே இல்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்து நிரலை இரண்டாகப் பிரிப்பதுதான் இத்துறையில் கற்க வேண்டிய முதன்மையான பாடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உள்ளிருப்பை ஓரிடத்தில் மட்டுமே எழுத வேண்டும். பாதுகாப்புக்காக ஒவ்வொரு பகுதியிலும் நகல் வைப்பது ஆபத்து. சங்க்குகள் தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. சர்வர் நடுவில் விழுந்தால் ஒரு சங்க்கில் புதிய கணக்கும் இன்னொன்றில் பழைய கணக்கும் இருக்கும். எதை நம்புவது என்று தடுமாறும் நிரலிலிருந்துதான் பொருள்கள் இரட்டிக்கும் பிழைகள் பிறக்கின்றன.

பிரிவின்போது மூன்று கொள்கைகளில் ஒன்றைத் தெளிவாக எடுக்க வேண்டும். இரட்டைப் பெட்டியைப் போல எப்போதும் பகுதிகளிடமே உள்ளிருப்பை வைத்திருக்கலாம். கிரியேட் தொட்டியைப் போல உடையும் நொடியில் மிச்சப் பகுதிகளுக்குப் பங்கிடலாம். தலைமைப் பிளாக்கிடமே விட்டு, அது உடைந்தால் மட்டும் இழக்கலாம். மூன்றும் நியாயமானவையே. விளையாடுபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதும், எந்த வழியில் உடைத்தாலும் ஒரே விளைவு வருவதும்தான் தேவை. கையால் உடைத்தல், கிரியேட்டிவ் முறையில் உடைத்தல், வெடிப்பு, கட்டளை என்று வழிகள் பல. ஜாவா பதிப்பின் பிஸ்டன் பிளாக் என்டிட்டி உள்ள பிளாக்கை நகர்த்தாது. பிளாக் என்டிட்டி இல்லாத சுவர்ச் செங்கல்லைத் தள்ளிவிடும். அந்த வழியையும் மறக்கக்கூடாது.

வெளிக்குழாய்களின் இணைப்பும் இதில் சேரும். வால்வைத் தொடும் குழாய் உள்ளிருப்பை நேரடியாகப் பெறுவதற்காக ஃபோர்ஜ், நியோஃபோர்ஜ் தளங்களில் கேப்பபிலிட்டி என்னும் இடைமுகமும், ஃபேப்ரிக்கில் டிரான்ஸ்ஃபர் ஏபிஐயும் உள்ளன. குழாய் அந்த இணைப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது. அமைப்பு உடைந்த உடனே அது செல்லாது என்று அறிவிக்க வேண்டும். தவறினால் இல்லாத டேங்க்கிலிருந்து குழாய் திரவத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

கட்டுபவருக்குச் சொல்வது

சோதனை தோற்றால் ஏன் தோற்றது என்று சொல்லாத மல்ட்டிபிளாக் விளையாடுபவரைக் கைவிட்டுவிடுகிறது. ஐந்தாயிரம் இடங்களில் எங்கே தவறு என்று அவர் எப்படித் தேடுவார்? ஆகவே சோதனைச் செயல்கூறு ஆம், இல்லை என்று திருப்பாமல் தவறான இடத்தின் ஆயங்களையும், அங்கே எதிர்பார்த்த பிளாக்கையும் திருப்ப வேண்டும். பீஃப்கோர் இந்த வழக்கத்தைத் தொடக்கத்திலேயே வைத்திருந்தது. பட்சூலி நூல் மோட் இன்னொரு படி மேலே போய், கட்ட வேண்டிய இடத்தில் நிழலுருவாக முழு அமைப்பையும் காட்டுகிறது. ஜேசன் கோப்பில் எழுதிய வடிவமே அதற்குப் போதும்.

இதிலிருந்து ஒரு வடிவமைப்பு விதி கிடைக்கிறது. வடிவத்தை நிரலுக்குள் வளையங்களாக எழுதாமல் தரவாக எழுத வேண்டும். அந்த ஒரே தரவு சோதனைக்கும், நிழலுருவுக்கும், கையேட்டுப் படத்துக்கும், தேவையான பொருள்பட்டியலுக்கும் பயன்படும். இரண்டிடத்தில் எழுதினால் ஒருநாள் கையேடு சொல்வதும் நிரல் கேட்பதும் வேறுபடும்.

எங்கிருந்து தொடங்குவது

சிறிய, நிலையான பொறியானால் உருமாற்ற வழியோ நிலைப்பண்பு வழியோ போதும். பகுதிகளை விளையாடுபவரே தேர்ந்து அமைக்கும் தொழிற்சாலை உலையானால் கன்ட்ரோலர் வழி. அளவு மாறும் டேங்க்கும் அணு உலையும் பீஃப்கோர் வகைக் குழு வழியைக் கேட்கும். அது எழுதக் கடினமானது என்பதால், ஏற்கெனவே பல மோட்களில் தேறிய நூலகத்தின் மேல் கட்டுவது நல்லது.

எந்த வழியானாலும் முதலில் எழுத வேண்டியது உடைவின் பட்டியல். தலைமை உடைதல், பகுதி உடைதல், இரண்டாகப் பிரிதல், இரண்டு சேர்தல், பாதி சங்க் இறங்குதல், சுழற்றி ஒட்டுதல், சேமிப்பின் நடுவே சர்வர் விழுதல். ஒவ்வொன்றுக்கும் உள்ளிருப்பு எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் நிரலின் எலும்புக்கூடு தானாக உருவாகும். மோஜாங்கின் கேம்டெஸ்ட் கருவி இவற்றில் பலவற்றைத் தானியங்கிச் சோதனையாக்க உதவுகிறது: சேமித்த அமைப்பை உலகில் இறக்கி, ஒரு பிளாக்கை உடைத்து, சில டிக்குகள் கழித்து மிச்சத்தை எண்ணச் சொல்லலாம். சங்க் இறங்குவதையும் சர்வர் விழுவதையும் மட்டும் கையால் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒருவர் பல மாலைகள் செலவிட்டுத் திரட்டிய உலோகத்தாலும் எரிபொருளாலும்தான் ஒரு பெரிய அணு உலை எழுகிறது. அது வேலை செய்வதால் மட்டும் அவர் அந்த மோடை நம்புவதில்லை. தவறிப்போய் ஒரு பிளாக்கை உடைத்துவிட்டு, அதைத் திரும்ப வைத்ததும் எல்லாம் இருந்தபடியே இருப்பதைப் பார்த்த பிறகே நம்புகிறார். மல்ட்டிபிளாக் எழுதுபவரின் உழைப்பில் பெரும்பங்கு அந்த ஒரு நிமிடத்துக்காகச் செலவாவது முற்றிலும் தகும்.